சீலையம்பட்டிக்கு அடுத்த ஊர்

ஓய்வு பெற்ற பிறகு என்னை யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை என்று நிம்மதியாக இருந்தேன். போன வாரம் என் பழைய வார்டு நர்ஸ் பிள்ளைகள் இரண்டு பேர் வீடு தேடி வந்துவிட்டார்கள். "அக்கா, இப்ப கர்ப்பிணிகளுக்கு ஆஸ்துமா பாக்கத் தனியாவே ஒரு நாள் ஒதுக்கியிருக்காக. விரல்ல கிளிப்ப மாட்டுனா ஆக்ஸிஜன் நம்பர் வந்துருது. நீங்கள்லாம் அப்ப என்னத்த வச்சுப் பார்த்தீக?" என்று ஒருத்தி கேட்டாள். காதை வைத்துப் பார்த்தோம் என்றேன். சிரித்தார்கள். போகும்போது மற்றவள் வாசலில் நின்று, "அந்தப் பேய் பேசுன கதைய மட்டும் எழுதிக் குடுங்கக்கா. ஆளாளுக்கு அரைகுறையாச் சொல்றாக" என்றாள்.

அரைகுறையாகச் சொன்னால் அது பேய்க்கதைதான். முழுசாகச் சொன்னால் என்னவென்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். எனக்கு இன்றைக்கும் பட்டப்பகலில் அதை நினைத்தால்தான் பயம். இருட்டில் ஒன்றும் இல்லை.

என் பெயர் எஸ்தர். போடி கடைத்தெருவில் ஏலக்காய் வாசத்துக்குள் வளர்ந்தவள். மதுரையில் நர்சிங் படித்தேன். படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும் திட்டு விழும் என்பதைத் தவிர அந்த வருடங்களில் சொல்ல ஒன்றும் இல்லை. பிறகு இந்தப் பள்ளத்தாக்கில் ஓர் அரசு மருத்துவமனையில் பிரசவ வார்டு. எந்த ஊர் என்று எழுதப் போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

டாக்டர் தமயந்தி எங்கள் வார்டுக்கு வந்த புதிதில் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். சத்தமே போட மாட்டார். சத்தம் போடாத டாக்டரிடம் வேலை பார்ப்பது போலத் தொல்லை வேறு கிடையாது. எப்போது கோபமாக இருக்கிறார் என்றே தெரியாது. கொஞ்ச நாளில் ஒன்றைக் கண்டுபிடித்தேன். நிலைமை எவ்வளவு மோசமோ அவ்வளவு மெதுவாகப் பேசுவார். அவர் ஒரு வாக்கியத்தை இழுத்து இழுத்து முடித்தால் நாங்கள் ஓடத் தொடங்கிவிடுவோம்.

இளைப்போடு வரும் கர்ப்பிணியைப் பார்க்க அவருக்கென்று ஒரு முறை இருந்தது. முக்காலியை இழுத்துப் போட்டு, கட்டிலில் இருப்பவளைவிடத் தாழ உட்காருவார். ஸ்டெதாஸ்கோப்பின் வட்டத்தை முந்தானையில் தேய்த்துச் சூடாக்குவார். உடனே நெஞ்சில் வைக்க மாட்டார். "பஸ்ஸுல வந்தியா? கண்டக்டர் எப்படிக் கூப்பிடுறார்னு சொல்லு பார்ப்போம்" என்பார். கம்பம், புதுப்பட்டி, அனுமந்தன்பட்டி, உத்தமபாளையம், சின்னமனூர், சீலையம்பட்டி, வீரபாண்டி, பழனிசெட்டிபட்டி, தேனி. எங்கள் பக்கத்தில் இது தெரியாத ஆள் கிடையாது. ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். எந்த ஊரில் நின்று மூச்சு வாங்குகிறாளோ அதுதான் அவள் நெஞ்சின் அன்றைய நிலவரம். தேனி வரைக்கும் போய்ச் சேர்ந்தால் வீட்டுக்கு அனுப்பலாம். உத்தமபாளையத்தில் நின்றால் நெபுலைசர் போட வேண்டும். கம்பத்தை விட்டே வண்டி கிளம்பவில்லை என்றால் ஆக்ஸிஜனைத் திறந்துவிட்டுத்தான் அடுத்த வார்த்தை.

வார்டில் இதுவே பாஷையாகிப் போனது. "எட்டாம் நம்பர் எப்படி?" என்று கேட்டால் "சின்னமனூர் தாண்டிட்டாக" என்று பதில் வரும். புதிதாக வந்த பயிற்சி டாக்டர் ஒருவர், நோயாளி சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டாள் என்று நினைத்து வாசலுக்கு ஓடினார்.

மருந்து கொடுப்பதைவிட, கொடுத்த மருந்தை எடுக்க வைப்பதுதான் எங்களுக்குப் பெரும்பாடு. மயிலாடும்பாறையிலிருந்து வந்த ஒரு பெண், கருவியில் போட்டு மூச்சோடு உறிஞ்ச வேண்டிய மாத்திரையைப் பல நாளாகத் தண்ணீர் ஊற்றி விழுங்கிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி இன்ஹேலரை சென்ட் மாதிரி கழுத்தில் அடித்துக்கொண்டாள். அதனால் டாக்டர் யாரையும் வெறும் சீட்டோடு அனுப்ப மாட்டார். "என் முன்னாடி ஒரு தடவை இழு" என்று உட்கார்ந்துகொள்வார். மூச்சை முழுக்க வெளியே விட்டு, மெல்ல இழுத்து, உள்ளே நிறுத்தி வைக்கும்வரை அவரும் கூடவே மூச்சை நிறுத்திக் காட்டுவார்.

ஈஸ்வரி முதலில் வந்தபோது அவளுக்கு நாலாவது மாதம். சிறு வயதிலிருந்தே இளைப்பு. நாள் தள்ளிப் போனது தெரிந்த அன்றைக்கே இன்ஹேலரை நிறுத்திவிட்டாள். மருந்து பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று ஊரில் சொன்னார்களாம். டாக்டர் அவளைத் திட்டவில்லை. "இழுக்குற மருந்து பெரும்பாலும் உன் நுரையீரல்லயே வேலையை முடிச்சிடும். பிள்ளைக்குப் போறது ரொம்பக் கொஞ்சம். உனக்கு மூச்சு குறைஞ்சாத்தான் பிள்ளைக்கு ஆபத்து. நீ விடுற மூச்சுலதானே அது இருக்கு?" என்றார். ஈஸ்வரி வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அப்போதே எங்கள் முன்னால் மருந்தை இழுத்தாள்.

அடுத்த தடவை வந்தபோது நெஞ்சு நன்றாக இருந்தது. ஊர்களைச் சொல்லச் சொன்னோம். சீலையம்பட்டி வரைக்கும் கடகடவென்று வந்தவள் சட்டென்று நின்றாள். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துவிட்டார். ஈஸ்வரி முகம் சிவக்க, "அடுத்தது அவுக பேரு டாக்டரம்மா" என்றாள்.

அவள் புருஷன் பெயர் வீரபாண்டி. எங்கள் பக்கம் தடுக்கி விழுந்தால் ஒரு வீரபாண்டி மேல்தான் விழ வேண்டும். இந்தக் காலத்துப் பிள்ளைகள் புருஷனை வாடா போடா என்கிறார்கள். ஈஸ்வரி வளர்ந்த வீட்டில் புருஷன் பெயரைப் பெண்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். வீரபாண்டித் திருவிழாவுக்குப் போவதைக்கூட "அவுக ஊரு திருவிழா" என்றுதான் சொல்வாள். அன்றைக்கு டாக்டர் சிரித்ததை முதல்முறையாகப் பார்த்தேன். அதிலிருந்து ஈஸ்வரிக்கு மட்டும் தனிப் பாட்டு. "சீலையம்பட்டி, அவுக ஊரு, பழனிசெட்டிபட்டி, தேனி." வார்டே காத்திருந்து கேட்கும்.

தாய் இல்லாத பிள்ளை. வளைகாப்பு முடிந்த பிறகும் பிறந்த வீட்டுக்குப் போக வழியில்லாமல் மாமியார் வீட்டிலேயே இருந்தாள். மாமியார் பேச்சியம்மாள் நல்ல மனுஷி. ஒவ்வொரு தடவையும் கூடவே வந்து, மருமகள் கையைப் பிடித்துக்கொண்டே வரிசையில் நிற்பாள். வளைகாப்புக்குப் பிறகு இரண்டு பேருமே வரவில்லை.

ஆடி மாதம் அது. மேற்கு மலையிலிருந்து இறங்கும் காற்று எங்கள் பள்ளத்தாக்கில் ஆளைத் தள்ளும். கம்பத்துக்குப் பக்கத்துக் கிராமங்களில் முகாம் முடித்து டாக்டரும் நானும் ஜீப்பில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஈஸ்வரியின் ஊர் சுகாதார நர்ஸ் வழியில் கை காட்டி நிறுத்தி, "ஈஸ்வரிய ஒரு எட்டுப் பார்த்துட்டுப் போங்கம்மா. என்னைய உள்ள விட மாட்டேங்கிறாக" என்றாள். குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னாள். "வீரபாண்டியோட அக்கா முத்துலட்சுமி ஏழு மாசத்துல எளப்பு வந்துதான் அந்த வீட்டுல போய்ச் சேர்ந்துச்சு. இப்ப அது இவ மேல வந்திருக்குன்னு சொல்றாக."

உச்சிப் பொழுது. வீட்டுக்குப் போகும் வழி முழுக்கத் திராட்சைப் பந்தல். வெளியே கண் கூசும் வெயில், உள்ளே பச்சையான மங்கல். இலைகளில் கந்தகத் தூள் அடித்திருந்தார்கள், மூக்கு எரிந்தது. பந்தல் முடிகிற இடத்தில் ஒரு சுமைதாங்கிக் கல் நின்றது. வயிற்றில் பிள்ளையோடு இறந்த பெண்ணின் பாரம் இறங்கட்டும் என்று நடுவது. கல்லில் முத்துலட்சுமி என்று வெட்டியிருந்தது. டிரைவர் அதைப் பார்த்ததும் கழுத்து மாலையைத் தொட்டுக் கும்பிட்டார். நான் வாய்க்குள்ளே பைபிள் சங்கீதம் சொல்லிக்கொண்டேன். டாக்டர் மட்டும் நடந்துகொண்டே இருந்தார்.

முற்றத்தில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். எல்லோரும் வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்றது எனக்கு என்னவோ செய்தது. எங்களைப் பார்த்தும் யாரும் வாங்க என்று சொல்லவில்லை. உள்ளே இருந்து கண்ணாடி வளையல் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. கலகலவென்று சத்தம், கொஞ்சம் நிற்கும், திரும்பக் கலகல. யாரோ இருட்டில் உட்கார்ந்து கையை ஒரே சீராக ஆட்டுவது மாதிரி.

வாசல்படியில் வீரபாண்டி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். திடகாத்திரமான ஆள். "சிஸ்டர், உள்ள போகாதீக. எங்க அக்கா வந்திருக்கு" என்றான்.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"வீர..."

வளையல் குலுங்கியது.

"...பாண்டி."

இத்தனை மாதமாகச் சொல்லச் சொல்லியும் வராத பெயர். ஈஸ்வரியின் குரலே இல்லை அது. தட்டையாக, தூரத்திலிருந்து வருவது போல இருந்தது. வீரபாண்டி காதைப் பொத்திக்கொண்டு அழுதான். "கேட்டீகளா? எம் பொண்டாட்டி எம்பேரைச் சொல்லவே சொல்லாது. எங்க அக்காதான் கடைசியில இப்படி ரெண்டா ஒடைச்சு ஒடைச்சுக் கூப்பிடும். அச்சு அசலா அதே குரலு சிஸ்டர்."

ஈஸ்வரி முத்துலட்சுமியைப் பார்த்ததே இல்லை. அவள் கல்யாணமாகி வருவதற்குப் பல வருடம் முன்பே முத்துலட்சுமி போய்விட்டாள்.

அறைக்குள் சாம்பிராணிப் புகை கண்ணைக் கரித்தது. ஜன்னலை அடைத்துத் துணி சொருகியிருந்தார்கள். புகைக்கு நடுவில் ஈஸ்வரி இரண்டு கையையும் தரையில் ஊன்றி, தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறி இறங்க உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் வளைகாப்பு வளையல்கள் குலுங்கின. நாங்கள் கேட்ட சத்தம் அதுதான். கண் திறந்திருந்தது, ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. எதிரே பேச்சியம்மாள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவள் நெற்றி மயிரை ஒதுக்கி ஒதுக்கிக் கொஞ்சிக்கொண்டிருந்தாள். அந்தக் கிழவி முகத்தில் இருந்த சந்தோஷம்தான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

"வா நர்சம்மா. எம்மக வந்துட்டா பாரு. முத்து, ஆருன்னு பாரு ஆத்தா."

டாக்டர் தரையில் உட்கார்ந்தார். "மருந்து இழுக்குறாளாம்மா?"

"அது எதுக்கு? ஏழாம் மாசம் தாண்டுற வரைக்கும் மருந்து ஆகாதுன்டு குறி சொல்ற கோடாங்கி சொல்லிட்டாக. நாலு நாளா வீடு முழுக்க எளப்புச் சத்தந்தேன். இன்னைக்குக் காலையில எம்மக வந்தா. வந்ததும் அந்தச் சத்தத்தைக் கையோட எடுத்துட்டா. காதைக் குடுத்துக் கேளுங்க, ஒரு விசில் இருக்கா?"

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை முந்தானையில் தேய்க்கவில்லை. அப்படியே முதுகில் வைத்தார். இடம், வலம், கீழே. பிறகு காதிலிருந்து கழற்றி என்னிடம் நீட்டினார்.

நான் எத்தனையோ நெஞ்சுகளைக் கேட்டவள். இளைப்பில் விசில் கேட்கும், கீச்சுக் கேட்கும், பந்தயக்குதிரை மாதிரி இதயம் கேட்கும். அன்றைக்கு இதயம் மட்டும்தான் கேட்டது. அதைச் சுற்றி ஒன்றுமே இல்லை. தோள் ஏறுகிறது, விலா குழிகிறது, வயிறு துடிக்கிறது, உள்ளே ஆள் காலி பண்ணிப் போன வீடு. விசில் வரக்கூடக் காற்றுப் போகவில்லை. சத்தம் போடும் இளைப்பைவிடச் சத்தம் அடங்கிய இளைப்புக்குத்தான் பயப்பட வேண்டும் என்று படித்திருந்தேன். அதைக் காதால் கேட்டது அன்றுதான்.

"எஸ்தர்," என்றார் டாக்டர். நிறுத்தினார். "வண்டியில... இருக்குற... ஆக்ஸிஜனை... கொண்டு வா."

ஓடினேன். முகாம் வண்டியில் சின்ன சிலிண்டர் ஒன்று, இன்ஹேலர், அதைப் பொருத்தி மூக்கும் வாயும் மூடப் பிடிக்கும் பிளாஸ்டிக் குப்பி, ஊசி மருந்து இருந்தன. திரும்பி வந்தபோது டிரைவர் ஜன்னல் துணியைப் பிடுங்கிப் போட்டு, சாம்பிராணிச் சட்டியை வெளியே தூக்கிக்கொண்டிருந்தார். பேச்சியம்மாள் ஈஸ்வரியை இரண்டு கையாலும் வளைத்துப் பிடித்திருந்தாள்.

"தொடாதீக! ஒருக்கா குடுத்துட்டேன். ரெண்டாந்தரம் எம்மகளைக் குடுக்க மாட்டேன்!"

வீரபாண்டி வந்து இழுத்தான். கிழவி அசையவில்லை. வளையல் சத்தம் முன்னைவிட மெதுவாகிக்கொண்டே வந்தது. ஈஸ்வரி ஓய்ந்துகொண்டிருந்தாள். அவள் ஓய்ந்தால் உள்ளே இருக்கும் பிள்ளைக்கு ஒரு நிமிஷமும் கிடையாது. எனக்கு வந்த கோபத்தில் கிழவியை அறைந்திருப்பேன்.

டாக்டர் கோபப்படவில்லை. பேயும் இல்லை பிசாசும் இல்லை என்று பிரசங்கம் பண்ணவும் இல்லை. பேச்சியம்மாளின் முகத்துக்கு நேரே குனிந்து, "சரிம்மா. இது உங்க மகதான்" என்றார்.

முற்றத்தில் யாரோ அழுதார்கள்.

"உங்க மகளுக்கு மூச்சு முட்டுது. பாருங்க, பேரைக்கூட முழுசாச் சொல்ல முடியல. மூச்சு கொடுக்கட்டுமா, வேண்டாமா? நீங்க சொல்றதுதான்."

பேச்சியம்மாள் ஈஸ்வரியின் வாயைப் பார்த்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. கிழவியின் கை தானாகத் தளர்ந்தது. "எம்மகளுக்குக் குடுங்க" என்றாள். "நானே குடுக்குறேன். எப்படிப் பிடிக்கணும்?"

குப்பியை அவள் கையிலேயே கொடுத்தோம். நான் மருந்தை அழுத்த அழுத்த அவள் மூக்கும் வாயும் மூடப் பிடித்துக்கொண்டாள். "இழு முத்து. இழு எந்தாயி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். டாக்டர் ஊசி போட்டார். வீரபாண்டி பொண்டாட்டியைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு பந்தலுக்குள் ஓடினான். சிலிண்டரோடு நான் பின்னால் ஓடினேன்.

பேச்சியம்மாளும் குப்பியோடு ஜீப்பில் ஏறிக்கொண்டாள். ஈஸ்வரியை உட்கார்ந்த வாக்கிலேயே இடப்பக்கம் சாய்த்துப் பிடித்தோம். மருந்து, ஆக்ஸிஜன், திரும்ப மருந்து. புதுப்பட்டி தாண்டியபோது மெல்ல ஒரு சத்தம் வந்தது. கதவிடுக்கில் காற்றுப் புகுவது மாதிரி ஒரு கீச்சு. பிறகு விசில். பிறகு நெஞ்சு முழுக்க விசில். டாக்டர் கண்ணை மூடித் தலையைப் பின்னால் சாய்த்தார். நான் "ஸ்தோத்திரம்" என்று கத்திவிட்டேன். காற்றுப் போக ஆரம்பித்துவிட்டது.

பேச்சியம்மாள் குப்பியை நழுவ விட்டாள். "எளப்பு திரும்ப வந்திருச்சே! எம்மக போயிட்டாளா?"

ஈஸ்வரி கண்ணைத் திருப்பினாள். இந்தத் தடவை பார்த்தாள். "அத்தை..." என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் எங்களுக்கு உயிர் வந்தது. கிழவிக்கு உயிர் போனது. ஒரே வார்த்தைதான்.

மருத்துவமனையில் நெபுலைசர் போட்டு, வயிற்றில் கருவியை வைத்துப் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்டபோது பொழுது சாயவில்லை. துடிப்பு மடமடவென்று ஓடிக்கொண்டிருந்தது. வீரபாண்டி அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுச் சுவரோரம் போய் நின்று அழுதான். பின்னால் மாதம் நிறைந்து சுகப்பிரசவம். தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். கடைசிவரை மறைத்து வைத்துப் பரபரப்பு காட்ட எனக்குத் தெரியாது, அதனால் இப்போதே சொல்லிவிட்டேன்.

கை கழுவும்போது டாக்டரிடம் கேட்டேன். "மூளைக்கு ஆக்ஸிஜன் போகலைன்னா ஆள் குழம்பும், கூச்சம் போகும், புருஷன் பேரைச் சொல்லும். அதெல்லாம் சரி டாக்டர். பார்க்காத ஒருத்தி குரல்ல எப்படிப் பேசினா?"

டாக்டர் குழாயை மூடினார். "அது முத்துலட்சுமி குரல் இல்ல எஸ்தர். ஈஸ்வரி குரலும் இல்ல. மூச்சு இல்லாம சாகப் போறவங்க எல்லாருக்கும் அந்த ஒரே குரல்தான்" என்றார். பேய் என்றே சொல்லியிருக்கலாம். எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

மறுநாள் காலை பேச்சியம்மாள் வராந்தாவில் தூணோரம் உட்கார்ந்திருந்தாள். உள்ளே மருமகள் இட்லி சாப்பிடுகிறாள், போய்ப் பாருங்கள் என்றேன். எழுந்திருக்கவில்லை. டாக்டர் வார்டு பார்த்துவிட்டு வெளியே வந்ததும் அவர் சேலையைப் பிடித்தாள்.

"டாக்டரம்மா, எம்மகளுக்கு வந்ததும் இதானா?"

டாக்டர் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "எப்படி இருந்தாங்கன்னு சொல்லுங்க."

"நாலஞ்சு நாளா எளச்சா. தம்பி பேரை ரெண்டா ஒடைச்சுக் கூப்பிட்டா. பெறகு சத்தம் அடங்கிருச்சு. நல்லாயிட்டா, தூங்கட்டும்ன்டு கதவைச் சாத்திட்டு வந்தேன்."

நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். "இதேதாம்மா" என்றார் டாக்டர்.

"மருந்து அப்பவும் இருந்துச்சா?"

பொய் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். "இருந்துச்சும்மா" என்றார், ஒவ்வொரு எழுத்தாக.

பேச்சியம்மாள் அழவில்லை. கையை விரித்து உள்ளங்கையைப் பார்த்தாள். "பந்தலுக்குள்ள இருக்குற முனிதான் அடிச்சுக் கொன்னுருச்சுன்டு நெனச்சேன் தாயி. தெனம் உச்சிப் பொழுதுக்கு அங்கன போயி, ஒரு பிடி மண்ணை அள்ளி எறிஞ்சு, தொண்டை கட்டுற மட்டும் அதைத் திட்டி வஞ்சிட்டு வருவேன். ஒரு நாள் விட்டதில்ல. அப்படி வஞ்சிட்டு வந்தாத்தான் சோறு எறங்கும்."

உள்ளங்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"இனி நான் போயி ஆரை வைய?"